ஆஸ்கர் பார்த்தவர்கள் வாருங்கள்: யானைப் படத் தயாரிப்பாளர் பேச வந்ததும் இசையைப் போட்டது உங்களுக்கும் உறுத்தியதா?

தூக்கம்கெட்டவள் (13 மார்ச் 2023, இரவு)

காலை ஐந்தரைக்கே எழுந்து ஹாட்ஸ்டாரில் ஆஸ்கரை நேரலையாகப் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் கொஞ்சம் பேசுங்கள், ஒரு விஷயம் காலையிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. ஆபீஸில் எல்லோரும் ஆர்ஆர்ஆர் படத்தின் நாட்டு நாட்டு பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது ஜெயித்ததில் எனக்கும் சந்தோஷம்தான், பின்வரிசையில் ராஜமௌலி குடும்பம் துள்ளிக் குதித்ததைப் பார்த்து நானும் சோபாவில் ஒரு குதி குதித்தேன். ஆனால் ஜனவரியில் கோல்டன் குளோப் வாங்கியபோதே இது வரும் என்று பாதி ஊருக்குத் தெரியும்.

நான் எதிர்பார்க்காதது தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ். தாயில்லாத யானைக் குட்டிகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றி முதுமலையில் எடுத்த படம், பேசுவது தமிழ், ஆவணக் குறும்படப் பிரிவு. எதிரில் நின்ற படங்களில் ஒன்று மலாலா பின்னால் நின்று ஆதரித்த படம், அவரே அரங்கில் உட்கார்ந்திருந்தார். நம்முடையதற்கா கொடுக்கப் போகிறார்கள் என்று காபி போட எழுந்துவிட்டேன், பெயரைச் சொன்னதும் பாலை அடுப்பில் விட்டுவிட்டு ஓடி வந்தேன். இயக்குநர் கார்த்திகி கொன்சால்வெஸ் மேடையேறி இயற்கைக்கும் நமக்கும் உள்ள பந்தம், பழங்குடி மக்களுக்குத் தர வேண்டிய மரியாதை, பொம்மன், பெள்ளிக்கு நன்றி என்று அழகாகப் பேசி, தாய்நாட்டுக்குக் காணிக்கை என்று முடித்தார். பக்கத்தில் தயாரிப்பாளர் குனீத் மோங்கா தன் முறைக்காக நிற்கிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் இசையை ஏற்றிவிட்டார்கள். கேமராவும் நகர்ந்துவிட்டது. முழுக்க முழுக்க இந்தியத் தயாரிப்பான ஒரு படம் முதல் தடவையாக ஆஸ்கர் வாங்குகிறது, அதைத் தயாரித்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே மேடையில் ஆன் ஐரிஷ் குட்பை குறும்படக்காரர்களின் நடிகர் ஜேம்ஸ் மார்ட்டினுக்குப் பிறந்தநாள் என்று அரங்கமே பாட்டுப் பாடியது. நல்ல விஷயம்தான், எனக்கும் கண் கலங்கியது. அதற்கு நேரம் இருந்தது. தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் ஒரு கழுதையைக் கூட்டி வந்து நிறுத்தினார், அதற்கும் நேரம் இருந்தது. மலாலாவிடம் போய் நடிகர்கள் எச்சில் துப்பிக்கொண்ட கிசுகிசுவைப் பற்றிக் கேள்வி கேட்டார் (நான் அமைதியைப் பற்றி மட்டும்தான் பேசுவேன் என்று அந்தப் பெண் நறுக்கென்று முடித்துவிட்டது), அதற்கும் இருந்தது. ஆர்ஆர்ஆரை அவர் பாலிவுட் படம் என்றதை விடுங்கள், அதற்கெல்லாம் கோபப்பட்டுக் கட்டுப்படியாகாது.

நான்தான் பெரிதுபடுத்துகிறேனா, அல்லது உங்களுக்கும் அந்த இடம் உறுத்தியதா? அப்புறம், மொத்த விழாவில் உங்களுக்கு எது மனதில் நின்றது?

---

மாயாறு_கரை

நான் கூடலூர்க்காரன். விழாவை முழுதாகப் பார்க்கவில்லை, பார்க்கவும் பொறுமை இல்லை, விருது வாங்கிய துண்டை மட்டும் போனில் பார்த்தேன். தயாரிப்பாளர் பேச முடியாமல் போனது வருத்தம்தான். ஆனால் இங்கே எங்களுக்கு அதைவிட வேறு ஒரு விஷயம்தான் பெரிதாகத் தெரிந்தது.

விருது அறிவித்த நேரத்தில் பொம்மன், முதுமலை யானை முகாம் இருக்கும் தெப்பக்காட்டிலேயே இல்லை. தர்மபுரிப் பக்கம் தாயைப் பிரிந்த ஒரு குட்டி யானையைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தார். போன வாரம்தான் அதே மாவட்டத்தில் மாரண்டஹள்ளி அருகே தோட்டத்து வேலியில் திருட்டுத்தனமாகக் கொடுத்திருந்த மின்சாரம் பாய்ந்து மூன்று யானைகள் செத்துப்போயின, கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் மிஞ்சின. படத்தில் வரும் குட்டி யானை ரகு எப்படி அனாதை ஆனான் என்று ஞாபகம் இருக்கிறதா? அவன் அம்மாவும் மின்சாரம் தாக்கித்தான் செத்தாள். அதாவது படம் எதைப் பற்றியதோ அந்த வேலையிலேயே ஆள் நிற்கிறார், அமெரிக்காவில் கைதட்டுகிறார்கள். டிவிக்காரர்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு வந்தார்கள், பெள்ளிதான் அகப்பட்டார், அவரும் முதலில் யானைக் குட்டிகளைப் பற்றித்தான் பேசினார்.

தெப்பக்காடு முகாம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. ஊட்டி வந்துவிட்டு மைசூர் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி, யானைக்குச் சாப்பாடு கொடுப்பதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ராகியையும் கொள்ளையும் வேகவைத்துக் களி மாதிரிக் கிண்டி, வெல்லம் உப்பெல்லாம் சேர்த்துத் தலையளவு உருண்டையாகப் பிடித்து ஒவ்வொரு யானையின் வாய்க்குள்ளும் கையை விட்டு வைப்பார்கள். இந்த யானைக்கு மருந்து, அந்த யானைக்கு உப்புக் குறைவு என்று ஆளாளுக்கு அளவு வேறு, அதெல்லாம் பாகனுக்கும் காவடிக்கும் மனப்பாடம் (பாகனுக்கு உதவியாக இருப்பவரை இங்கே காவடி என்போம்). கொஞ்சம் பெரிய யானை என்றால் பரவாயில்லை. பால்குடிக் குட்டி என்றால் ராத்திரி பகல் கிடையாது, நேரத்துக்கு நேரம் பாட்டில், குளிருக்குப் போர்வை, வயிற்றுப்போக்கு வந்தால் அவ்வளவுதான். தாயில்லாக் குட்டி பிழைப்பது லேசான காரியமில்லை, பெரும்பாலும் பிழைக்காது. ரகுவும் அம்முவும் அந்த இரண்டு பேர் கையில் பிழைத்தார்கள் என்பதன் கனம் படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும் என்று தெரியவில்லை.

பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர்கள், பரம்பரையாக இந்தக் காட்டில் தேன் எடுத்த சனம். பெள்ளியின் முதல் வீட்டுக்காரரைப் புலி அடித்தது, படத்திலேயே சொல்வார். அப்படிப்பட்ட பெண் காட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு இடத்தில்கூடப் புலியைத் திட்டவில்லை. எனக்கு ஆஸ்கர் மேடைப் பேச்சைவிட அதுதான் பெரிது.

---

பெட்டிக்கடை_பாலு

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்.

45 விநாடிதான் பேச வேண்டும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லப்படும் விதி. போனவர்கள் இரண்டு பேர், நேரத்தைப் பங்கு போட்டிருக்க வேண்டும். போன வருடம், 2022-இல், இதே ஆவணக் குறும்பட விருதோடு சேர்த்து எட்டு விருதுகளை நேரலை தொடங்கும் முன்பே கொடுத்து முடித்து, பிறகு வெட்டி ஒட்டி இடையில் காட்டினார்கள். சினிமாக்காரர்கள் கூச்சல் போட்டதால்தான் இந்த வருடம் எல்லாமே மேடையில் நேரலையாக வந்தது. அதனால் கார்த்திகி பேசியதையாவது நாம் அப்படியே பார்த்தோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதோடு ஆஸ்கரைத் திட்டுகிறவர்கள் நம்ம ஊர் சேனல் விருது விழாவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் ஆரம்பித்து நடுராத்திரி தாண்டி ஷூட் செய்வார்கள், அப்புறம் வாரக்கணக்கில் எடிட் செய்து ஏதாவது பண்டிகை பார்த்து இரண்டு பகுதியாகப் போடுவார்கள். யார் யாருக்கு என்ன விருது என்று அதற்குள் யூடியூபில் தலைமுறை கண்ட செய்தியாகியிருக்கும். சிறந்த நடிகர் ஒருவர், மக்கள் மனம் கவர்ந்த நடிகர் இன்னொருவர், இந்த ஆண்டின் நாயகன் மூன்றாமவர், வந்த யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி. எடிட்டருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் கொடுத்தது விளம்பர இடைவேளைக்கு முன்னால் நாலு ஸ்டில்லாக ஓடும். ஒன்பது மணிக்குச் சொன்ன ஜோக்குக்கு ஹீரோ ஏழு மணிக்குச் சிரித்ததை ஒட்டியிருப்பார்கள், பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் மாறியிருப்பதைப் பார்த்தால் தெரியும். எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு.

இன்னொன்று. இந்தியா அதிகாரபூர்வமாக அனுப்பிய படம் ஆர்ஆர்ஆர் கிடையாது, செல்லோ ஷோ என்ற குஜராத்திப் படம். அது முதல் பட்டியல் வரை போய் நின்றுவிட்டது, அதைப் பற்றி ஒரு நாதியும் பேசவில்லை. சர்வதேசப் படப் பிரிவில் நாட்டுக்கு ஒரு படம்தான் போக முடியும் என்பதால் ஆர்ஆர்ஆர் மற்ற பிரிவுகளில் தனியாகப் போட்டியிட்டது, அமெரிக்காவில் அதை வெளியிட்டவர்கள் மாதக்கணக்கில் தியேட்டர் தியேட்டராகத் திரையிட்டுப் பிரசாரம் செய்தார்கள். நல்ல பாட்டு, சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல பாட்டு என்பதால் மட்டும் அங்கே போய்ச் சேரவில்லை என்பதையும் தெரிந்துகொண்டு கொண்டாடுங்கள் என்கிறேன்.

---

தூக்கம்கெட்டவள்

பாலு அண்ணா, விதி எனக்கும் தெரியும். விதி கழுதைக்கும் பொருந்தியிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். ஒலிப்பதிவாளர் ஸ்டில் விஷயத்தில் உங்களோடு நூற்றுக்கு நூறு.

---

ஈப்போ_அத்தை

வணக்கம், மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு அது காலை எட்டு மணி, வேலைக்குப் போகிற நேரம், பாதிப் பேர் பேருந்தில் போனைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நீங்கள் எல்லாம் யானையும் பாட்டும் பேசுகிறீர்கள், எங்கள் ஊரில் ஒரே பேச்சு மிஷல் யோதான்! ஈப்போவில் பிறந்த பெண், சிறந்த நடிகை விருது வாங்கும் முதல் ஆசியப் பெண். நான் இருப்பது புந்தோங், கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகைகள்) விற்கும் தமிழர்கள் நிறைந்த பகுதி, அவருக்கும் எங்களுக்கும் தெரு சம்பந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் கடைத்தெருவில் சீனக் காபிக் கடைக்காரர் முதல் எங்கள் பூக்கடை அக்கா வரை எல்லோரும் எங்க ஊர்ப் பொண்ணு என்றுதான் சொன்னார்கள். இப்படி மூன்று இனமும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரிப்பது பாட்மிண்டனில் ஜெயித்தால் மட்டும்தான் நடக்கும்.

அவர் அம்மா கோலாலம்பூரில் உட்கார்ந்து பெரிய திரையில் பார்த்தார், பெயரைச் சொன்னதும் அங்கே போட்ட சத்தத்தை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். உங்கள் காலம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்று பெண்களைப் பார்த்துச் சொன்னார் பாருங்கள், அறுபது வயதில். எனக்கு ஐம்பத்தைந்து, இங்கே பள்ளியில் ஓய்வு எப்போது டீச்சர் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் அந்தத் துண்டை எங்கள் ஆசிரியர் குழுவில் போட்டுவிட்டேன், தலைப்பு எதுவும் எழுதவில்லை.

குனீத்தைப் பற்றி: ஆமாம், உறுத்தியது. கணவரிடம் சொன்னேன், அவருக்குப் புரியவே இல்லை, அதான் விருது கொடுத்துவிட்டார்களே என்றார்.

---

ஸ்காபரோ_சின்னவன்

நாங்கள் ரொறன்ரோவில் ஞாயிறு இரவு குடும்பமாக இருந்து பார்த்தோம். அம்மாவுக்கு இங்கிலிஷ் படங்களில் பெரிய ஆர்வம் இல்லை, நாட்டு நாட்டு ஆடுவார்கள் என்று சொன்னதால்தான் வந்து இருந்தவர். அவரைப் பிடித்து வைத்தது வேறு ஆள், கீ ஹுய் குவான்.

தெரியாதவர்களுக்கு: எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ் படத்தில் துணை நடிகருக்கான விருது வாங்கியவர். வியட்நாமிலிருந்து சின்ன வயதில் தப்பி வந்த அகதி. மேடையில் அழுதுகொண்டே, என் பயணம் ஒரு படகில் தொடங்கியது, ஒரு வருடம் அகதி முகாமில் இருந்தேன் என்று சொன்னார். 84 வயதுத் தாய் வீட்டில் இருந்து பார்க்கிறார் என்று சொல்லி, அம்மா, எனக்கு ஆஸ்கர் கிடைத்துவிட்டது என்று கத்தினார். எங்கட அம்மா தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, பாவம் பிள்ளை, என்றார். 1986-இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அருகே உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றியதை இங்கே எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். படகு என்ற கதை வந்தால் எங்கட வீட்டில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்க மாட்டோம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் குவான் சிறுவனாக முதலில் நடித்தது இந்தியானா ஜோன்ஸின் இரண்டாவது படம், 1984-இல் வந்தது. கதை நடப்பது இந்தியாவில் என்பார்கள், ஆனால் அந்தக் கிராமமும் கயிற்றுப் பாலமும் எடுத்தது இலங்கையில் கண்டிப் பக்கம். அதில் ‘இந்திய’க் கிராமத்துச் சனம் சிங்களத்தில்தான் பேசுகிறது, கேட்டுப் பாருங்கள். படப்பிடிப்பு நடந்தது 1983. வியட்நாமிலிருந்து தப்பி வந்த பிள்ளை எங்கட நாட்டுக்கு நடிக்க வந்துவிட்டுப் போன வருடம்தான், நாங்கள் அந்த நாட்டை விட்டு ஓடத் தொடங்கிய வருடம். கடைசியில் சிறந்த படத்துக்கான விருதை அறிவிக்க அதே ஹாரிசன் ஃபோர்ட் வந்தார், குவான் மேடைக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தார். நான் இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். எண்பத்து மூன்றில் கண்டியில் படம் எடுத்தவங்களோ என்று மட்டும் கேட்டார்.

அந்தப் படத்துக்கு மொத்தம் ஏழு விருது. எனக்குப் படம் பாதிதான் விளங்கினது, அது வேறு கதை.

---

சலங்கை_ஒலி

நடனம் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் எனக்கு உறுத்தியது வேறு. தீபிகா படுகோன் வந்து பாட்டை அறிமுகப்படுத்தியபோதே அரங்கம் கைதட்டிக்கொண்டே இருந்தது, அவர் நிறுத்தி நிறுத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ராகுல் சிப்லிகஞ்சும் கால பைரவாவும் நேரில் பாடினார்கள், முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எல்லாம் பிரமாதம். ஆனால் மேடையில் முன்னால் நின்று ஆடியவர்களில் தெற்காசிய முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஜூனியர் என்டிஆர், ராம் சரண் ஆடாததில் குறையில்லை, ஒத்திகைக்கு நேரம் வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் இந்திய நடனக் கலைஞர்களுக்கா பஞ்சம்? அங்கே வாரயிறுதியில் பாங்க்ராவும் குத்தும் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஆடியவர்கள் மோசமில்லை, சுத்தமாக ஆடினார்கள். அந்தச் சுத்தம்தான் பிரச்சினை. பிரேம் ரக்ஷித் அமைத்த அந்த ஆட்டத்தில் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக் காலை வீசும்போது உடம்பின் எடை முழுக்கத் தரையில் இறங்கும், முழங்கால் மடங்கும், புழுதி கிளம்பும். கதையிலேயே அது வெள்ளைக்காரனின் நாசூக்கான ஆட்டத்துக்கு எதிராக ஆடும் ஆட்டம். மேடையில் எல்லோரும் குதிகாலைத் தூக்கி லேசாக ஆடினார்கள். என் மாணவிகள் பத்து வயதுக்காரிகள் இதைவிடக் கனமாக மிதிப்பார்கள்.

பின்னணியில் அரண்மனை செட் போட்டிருந்தார்கள் இல்லையா, அது உக்ரைன் தலைநகர் கீவில் இருக்கும் மரியின்ஸ்கி அரண்மனை. 2021-இல் அதன் முன்னால்தான் பாட்டை எடுத்தார்கள், சில மாதத்தில் போர் வந்துவிட்டது. விழாவில் அதை ஒருவரும் சொன்னதாக என் காதில் விழவில்லை.

---

பழைய_கேசட்

நாட்டு நாட்டுக்கு இசையமைத்தவரை எல்லோரும் கீரவாணி கீரவாணி என்கிறார்களே, நம்முடைய மரகதமணி ஐயா அவர்! 1991-இல் பாலசந்தரின் அழகன் வந்தபோது என் மாமா கேசட் வாங்கி, ஒரு பக்கம் தேயும் வரை போட்டார். அதே மனிதர்தான் இப்போது ஆஸ்கர் மேடையில் கார்ப்பென்டர்ஸ் கேட்டு வளர்ந்தேன் என்று சொல்லி அவர்கள் மெட்டிலேயே பாடி நன்றி சொன்னது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அவர் தச்சர்கள் மத்தியில் வளர்ந்தார் என்று புரிந்துகொண்டு நெகிழ்ந்துபோய் ஸ்டேட்டஸே வைத்துவிட்டார். அமெரிக்காவில் எழுபதுகளில் பாடிக்கொண்டிருந்த அண்ணன் தங்கை இருவரின் பெயர் அது என்று சொல்லிப் புரியவைத்தோம், ஸ்டேட்டஸ் இன்னும் இருக்கிறது. கூட நின்ற பாடலாசிரியர் சந்திரபோஸுக்கும் கிடைத்தது ஒரு நமஸ்தே சொல்லும் நேரம்தான், அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் தூக்கம்கெட்டவள்.

எனக்கு 2009-ஐ எதுவும் தாண்டவில்லை. ரஹ்மான் விருதை வாங்கிக்கொண்டு எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று தமிழில் சொன்னபோது எங்கள் மெஸ்ஸில் இட்லித் தட்டோடு எழுந்து நின்றார்கள். அது அவர் கையில் இருந்த நேரம், கேட்டு வாங்கவில்லை, சட்டென்று சொல்லிவிட்டு இறங்கினார்.

---

பெட்டிக்கடை_பாலு

மாயாறு கரை தம்பி, அடுத்த மாதம் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிறது, தெப்பக்காடு கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். ரகுவைப் பார்க்க முடியுமா?

---

மாயாறு_கரை

வாங்க, தாராளமாக. காலையிலும் சாயங்காலமும் சாப்பாடு கொடுக்கும் நேரத்தில் டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். ரகு இப்போது வளர்ந்துவிட்டான், வேறு பாகனிடம் இருக்கிறான், படத்திலேயே அவனைப் பிரித்துக் கொண்டுபோவது வரும். அவனைக் கூப்பிடுங்கள், இவனைக் காட்டுங்கள் என்று பாகன்களிடம் நச்சரிக்க வேண்டாம், இன்று காலையிலிருந்தே அந்தத் தொல்லை ஆரம்பித்துவிட்டது. மைசூர்ப் பக்கம் போவதாக இருந்தால் இரவு ஒன்பதுக்கு முன்பே பந்திப்பூரைத் தாண்டிவிடுங்கள், அதற்கு மேல் காலை ஆறு வரை ரோட்டை மூடிவிடுவார்கள். வழியில் யானை நின்றால் வண்டியை விட்டு இறங்கி செல்ஃபி எடுக்காதீர்கள், பிஸ்கட்டும் போடாதீர்கள்.